நம்பர் சொல்லுங்கம்மா



தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். அம்மா நூல் புடவை தவிர வேறொன்றும் கட்டமாட்டார். ஒரு மணி நேரம் அடுக்கு அடுக்காகப் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் எடுத்துக் காட்டிய அரக்குச் சுங்குடியையே எடுத்துக்கொண்டார். பில் போடும் இடத்தில் எங்களுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிராமலே, "நம்பர் சொல்லுங்கம்மா" என்றார்.

"எந்த நம்பரும்மா?"

"போன் நம்பர்."

"துணி எடுக்குறதுக்கு எதுக்கும்மா போன் நம்பரு? காசுதான் குடுக்குறேனே."

"நம்பர் போடாம பில் வராதும்மா. அடுத்த பக்கத்துக்கே போகாது."

அந்தப் பெண்ணின் மேல் குறை சொல்ல மாட்டேன். காலையிலிருந்து நின்றபடி வேலை பார்த்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. பின்னால் இருந்தவர்கள் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் எண்ணை நானே அவசரமாகச் சொன்னேன். பில் வந்தது. புடவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த இரண்டு வாரங்களில் அம்மாவின் போனுக்கு ஓய்வே இல்லை. நகைச் சேமிப்புத் திட்டம், பைபாஸ் ஓரத்து மனை, முழங்கால் வலிக்குச் சிகிச்சை, ஐந்தே நிமிடத்தில் தனிநபர் கடன். எண் எந்த வழியாக எங்கே போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அம்மா அந்த எண்ணை அதற்கு முன் வெளியில் யாரிடமும் கொடுத்ததில்லை. வங்கிக்கும் வீட்டு மனிதர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

என்னை வருத்தியது விளம்பரங்களின் எண்ணிக்கை அல்ல. அப்பா காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. போன் சத்தம் போட்டால் அது பென்ஷன் செய்தியாக இருக்குமோ என்று அம்மா எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஆங்கிலத்தில் இருந்தால் என்னிடம் நீட்டுவார். "பென்ஷனாப்பா?" "இல்லம்மா, விளம்பரம்." மதியத் தூக்கத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை இப்படி. மாதக் கடைசியில் உண்மையாகவே பென்ஷன் செய்தி வந்தபோது அது பதினோரு விளம்பரங்களுக்கு அடியில் கிடந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தோம்.

இந்த இதழ் தொழில், வணிகச் சிறப்பிதழாக வருகிறது. விளம்பர உலகின் புதிய போக்குகள், சிறு நிறுவனங்களுக்குக் கிடைக்கும் சேவைகள் என்று உள்ளே நிறையப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால், என் அம்மாவின் போனைப் பற்றி உங்களிடம் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

சிறு வயதில் எங்கள் தெரு முனையில் ஓர் அண்ணாச்சி மளிகைக் கடை வைத்திருந்தார். மாதம் பிறந்ததும் அம்மா ஒரு முழுநீளத் தாளில் சாமான் பட்டியல் எழுதித் தருவார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அண்ணாச்சி அதை ஒரு கம்பியில் குத்தி வைத்துவிட்டு, சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டில் எங்கள் பக்கத்தைத் திருப்புவார். எங்கள் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பட்டியலில் பார்லியும் ரொட்டியும் இருந்தால், "யாருக்குத் தம்பி உடம்பு சரியில்ல?" என்பார். நல்லெண்ணெய் வழக்கத்தைவிடக் குறைந்தால் அந்த மாதம் கைமுடை என்று புரிந்துகொண்டு, நான் கேட்காமலே "அடுத்த மாசம் சேத்துக் குடுத்தாப் போதும்னு அம்மாகிட்டச் சொல்லு" என்பார். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது ரவையும் முந்திரியும் சேர்த்து வாங்கிய அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்றைய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். இந்த வீட்டில் எத்தனை பேர், எப்போது பணம் புழங்கும், எப்போது விசேஷம், யாருக்கு நோய். அண்ணாச்சி இதையெல்லாம் ஒரு நோட்டிலும் மனசிலும் வைத்திருந்தார். ஆனால் தெரிந்த எதுவும் அந்தக் கல்லாவைத் தாண்டிப் போனதில்லை. எங்கள் கைமுடையை அவர் வட்டிக்காரரிடம் சொல்லவில்லை. பெண் பார்க்க வரும் செய்தியை நகைக்கடைக்குச் சொல்லவில்லை. பாக்கி தீர்ந்த அன்று பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கொசுறாக ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை கிடைக்கும்.

தன்னிடம் வாங்குபவரைப் பற்றி ஒரு வியாபாரி தெரிந்து வைத்திருப்பதில் தவறே இல்லை. தெரிந்தால்தான் நன்றாக விற்க முடியும். தெரிந்தது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

வாங்குபவரை அறிந்து விற்பதில் நம் மண்ணுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்றொருவர் இருந்தார். பாட்டிலில் விற்கும் பொருளைப் பொட்டலத்தில் விற்க வேண்டும், கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்கும்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பேதி உப்பையும் பவுடரையும் சின்னச் சின்ன அளவில் போட்டார். ஷாம்பூவையும் பாக்கெட்டில் அடைத்தார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். அப்பாவின் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து ஷாம்பூவுக்குச் 'சிக்' என்று பெயர் வைத்தார். இன்றைய கெவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

அவர்கள் விற்ற முறையைக் கவனியுங்கள். சீயக்காயும் சோப்பும் போட்டுப் பழகிய கிராமங்களுக்குப் போனார்கள். ஊர் நடுவில் ஒரு பையனை உட்கார வைத்து, எல்லோர் கண்முன்னாலும் அவன் தலையில் ஷாம்பூ போட்டு அலசினார்கள். சுற்றி நின்றவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள், முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். பிறகு காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். முதலில் எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச காலம் கழித்து, சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றினார்கள். அதற்குள் மக்கள் பழகிவிட்டார்கள். 1999ல் 50 பைசாவுக்கே ஒரு பாக்கெட் கிடைத்தது.

ஒரு பெண்ணின் சுருக்குப் பையில் அன்றைக்கு எவ்வளவு இருக்கும் என்பதை இவர்களைவிட நன்றாகக் கணித்தவர்கள் யாரும் இல்லை. அதற்காக அந்தப் பெண்ணின் முகவரியோ பிறந்த நாளோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவள் வாழ்க்கையை நேரில் போய்ப் பார்த்தார்கள், அது போதுமானதாக இருந்தது. (அந்தப் பாக்கெட்டுகள் இன்று நம் வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு நிற்பதும் உண்மை. அந்தக் கடனை இன்னும் யாரும் அடைக்கவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

இப்போது சிறு வியாபாரிகளின் கைக்கு வந்திருக்கும் வசதிகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. 2016ல் யுபிஐ வந்தது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் அதன் வழியாக நடந்த பரிவர்த்தனைகள் ஆயிரம் கோடியைத் தாண்டின. எங்கள் அலுவலக வாசலில் மல்லிகைப் பூ விற்கும் அம்மா, முழத்தை அளந்துகொண்டே, பணம் வந்துவிட்டது என்று ஒலிப்பெட்டி சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிறார். கை ஈரத்தைத் துடைத்துச் சில்லறை தேட வேண்டியதில்லை. 2018ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ், ஊறுகாய் போட்டு விற்கும் பெண்ணுக்கும் ஒரு கண்ணாடி அலமாரியைக் கொடுத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த அப்படி ஒரு பெண், நார்த்தங்காயும் மாவடுவும் போடுகிறார். முதல் தடவை வாங்குபவரிடம், "புதுசாப் போட்டா உங்களுக்குச் சொல்லட்டுங்களா அக்கா? தொந்தரவா இருந்தா வேணாம்" என்று கேட்பார். சரி என்றவர்களுக்கு மட்டும் மாதம் ஒரு தடவை, ஜாடியின் படத்தோடு நான்கு வரி அனுப்புவார். அவருடைய பட்டியலில் இருநூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் செய்தி போன அன்று மாலைக்குள் ஜாடி காலியாகிவிடும். பத்தாயிரம் எண்களை மொத்தமாகத் தருகிறேன் என்று ஒருவர் அவரைத் தேடி வந்தாராம். "அந்தப் பத்தாயிரம் பேருக்கும் என்னை யாருன்னே தெரியாதே சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விளம்பரத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் பல மணி நேரம் பாடம் எடுத்தும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

இதற்கு நேர் எதிரான திசையில்தான் பெரிய நிறுவனங்கள் சில போய்க்கொண்டிருக்கின்றன. ஆன்லைனில் டிக்கெட் போட்டால் கடைசிப் பக்கத்தில் நாம் கேட்காத காப்பீடு தானாகச் சேர்ந்திருக்கும். "இன்னும் இரண்டுதான் மிச்சம், ஏழு நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று கடிகாரம் ஓடும். மறுநாள் போய்ப் பார்த்தாலும் அதே இரண்டு, அதே ஏழு நிமிடம். முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டப் போகும்போது கையாளும் கட்டணம், வசதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறும். சந்தா சேர ஒரு தட்டு போதும். விலகப் பத்துப் பக்கம் தேட வேண்டும். நன்கொடை வேண்டாம் என்று சொல்லும் பொத்தானில் "எனக்கு ஏழைகள் மேல் அக்கறை இல்லை" என்கிற தொனியில் எழுதியிருப்பார்கள். அதை அழுத்த நமக்கே கூச்சமாக இருக்கும். கூச்சப்பட வைப்பதுதான் நோக்கம்.

இவையெல்லாம் கைதவறி நடப்பவை அல்ல. உட்கார்ந்து யோசித்து, எந்த நிறத்தில் வைத்தால் அதிகம் பேர் ஏமாறுவார்கள் என்று சோதித்துப் பார்த்துச் செய்பவை. ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர் 2010ல் இவற்றுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் கடைசியில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டு, தடை செய்யும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நான் மேலே சொன்ன ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. காசு கொடுத்து எழுதி வாங்கும் பொய் விமர்சனங்களைக் கட்டுப்படுத்த, ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ல் ஒரு தரநிலை கொண்டுவந்தது.

பில் போடும் இடத்தில் எண் கேட்பதற்கும் பதில் இருக்கிறது. எண் தந்தால்தான் பொருள் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே வணிகர்களுக்கு அறிவுரை வழங்கியது. அன்றைக்கு வரிசையில் நின்றபோது இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணைச் சொன்னேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்களே என்ற தயக்கம். நம்மில் பலரும் அந்தத் தயக்கத்தில்தான் எண்ணைச் சொல்கிறோம் என்று நினைக்கிறேன்.

அதே 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தில் என் மனதைத் தொட்ட ஒரு பிரிவு உண்டு. நம்மைப் பற்றிய விவரங்களை எதற்காகக் கேட்கிறார்கள் என்று விளக்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை நமக்குத் தர வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். விவரங்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அம்மாவின் போனுக்கு வருவோம். 1909 என்ற எண்ணுக்கு அழைத்து, விளம்பரங்கள் வேண்டாம் என்று அம்மாவின் எண்ணைப் பதிவு செய்தேன். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டே அம்மாவுக்கு ஒரு பாடம் நடத்தினேன். நிறுவனங்களிடமிருந்து வரும் குறுஞ்செய்திகளில் அனுப்புநர் பெயருக்குக் கடைசியில் இப்போது ஒரு கோடும் ஒற்றை ஆங்கில எழுத்தும் இருக்கும். பி (P) என்றால் விளம்பரம். டி (T) என்றால் பணப் பரிவர்த்தனை. எஸ் (S) என்றால் நாம் பெறும் சேவை தொடர்பானது. ஜி (G) என்றால் அரசாங்கம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான்கு எழுத்துகளையும் பெரிதாக எழுதிக் காட்டினேன். அம்மா ஆங்கிலம் படித்ததில்லை. பி எழுத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கரண்டியைத் தலைகீழா நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு. இது வந்தா தொறக்க வேணாம், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். அந்தத் தாள் இப்போது அம்மாவின் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால், ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

கடையிலோ ஆன்லைனிலோ ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். அதற்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருள், சேவைகளுக்கான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தொழில் செய்யும் வாசகர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்க ஆசைப்படுகிறேன். உங்கள் கடை மென்பொருளில் எண் இல்லாமல் பில் போட முடியுமா என்று இன்றைக்கே பாருங்கள். முடியாது என்றால், மென்பொருள் தந்தவரிடம் அந்தக் கட்டாயத்தை எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது சின்ன வேலையாகத்தான் இருக்கும். பில் போடும் பிள்ளைகளுக்கு, "வேணாம்னு சொன்னா விட்டுடு" என்று சொல்லி வையுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை எண் வாங்க வேண்டும் என்று அவர்களுக்கு இலக்கு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கேட்டு வாங்கிய நூறு எண்கள் உங்களுக்கு எவ்வளவு வியாபாரம் தரும் என்பதை அந்த ஊறுகாய்க்காரப் பெண்ணின் காலி ஜாடியில் நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதும் தகுதி நமக்கு இருக்கிறதா என்ற கேள்வி எழுந்ததால், எங்கள் அலுவலகத்தையும் திரும்பிப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்திலிருந்து வந்து, நம் சந்தாதாரர்களின் போன் எண்களை விலைக்குக் கேட்டார்கள். சொன்ன தொகை, காகித விலை ஏறிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், எங்களுக்குச் சிறியதல்ல. மறுத்துவிட்டோம். உங்கள் முகவரியை நீங்கள் தந்தது புத்தகம் வருவதற்காக, வேறெதற்காகவும் அல்ல.

ஆனால் நம் சந்தாப் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது, கைபேசி எண் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்று அச்சிட்டிருந்தது. ஏன் என்று அலுவலகத்தில் கேட்டேன். யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஏதோ ஒரு வருடம் படிவத்தைப் புதிதாக அச்சடித்தபோது சேர்ந்திருக்கிறது. தபாலில் போகும் புத்தகத்துக்குப் பெயரும் கதவு எண்ணும் பின்கோடும் போதும். இத்தனை ஆண்டுகளாக அவை மட்டும்தானே உங்களைச் சரியாகக் கண்டுபிடித்து வந்திருக்கின்றன. இந்த இதழோடு இணைத்திருக்கும் புதிய படிவத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டோம். 'விரும்பினால் தரலாம். புத்தகம் வந்து சேராதபோது உங்களை அழைக்க மட்டும் பயன்படுத்துவோம்' என்று சேர்த்திருக்கிறோம். அதோடு, காசு வாங்கிக்கொண்டு வெளியிடும் கட்டுரை வடிவ விளம்பரங்களின் தலையில் 'விளம்பரம்' என்ற சொல்லை இனி வாசிக்கும் அளவு எழுத்தில் போடுவோம். இந்த இதழின் 34ஆம் பக்கத்தில் பார்த்தால் தெரியும்.

அச்சுக்குப் போகும் முன் படிவத்தின் மாதிரி ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். எண்ணுக்கான கட்டத்தில் விரலை வைத்து, "இதை எழுதாட்டாலும் புஸ்தகம் வந்துரும்ல?" என்றார்.

"வந்துரும்மா."

பேனாவை வாங்கிப் பெயரை எழுதினார், கதவு எண்ணை எழுதினார், தெருவை எழுதினார். அந்தக் கட்டத்தில் மட்டும் குறுக்கே ஒரு கோடு இழுத்து என்னிடம் நீட்டினார்.

அன்புடன்,
ஆசிரியர்